பல பண்பாடுகளில் குடும்ப வாழ்க்கை: சின்னக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். உலகத்தில் வேறு வேறு மக்கள் எப்படிக் குடும்பமாக வாழ்கிறார்கள் என்ற பேச்சை வகுப்பில் எடுத்தாலே, பெற்றோரும் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன்.

என் பொண்ணுக்கு நாலு வயசுதான் ஆகுது. இதெல்லாம் இப்பவே சொல்லணுமா?

சொல்லலாம். நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கவனிக்க ஆரம்பித்திருப்பாள். தோழி வீட்டில் தாத்தாதான் தலை வாரிவிடுகிறார். இன்னொரு வீட்டில் அம்மா இரவில்தான் வேலையிலிருந்து வருகிறார். வேறொரு வீட்டில் ஒன்பது பேர் ஒன்றாக இருக்கிறார்கள். "அவங்க வீட்ல மட்டும் ஏன் அப்படி?" என்று அவள் கேட்கும்போது "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று அடக்கினால், அங்கே ஏதோ தப்பு இருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொள்வாள்.

ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் இதைப் பேசுகிறது. கல்வியானது குழந்தைக்குத் தன் பெற்றோர், தன் மொழி, தன் பண்பாடு ஆகியவற்றின் மேல் மதிப்பை வளர்க்க வேண்டும்; தன்னுடையதிலிருந்து வேறுபட்ட நாகரிகங்களின் மேலும் மதிப்பை வளர்க்க வேண்டும் என்கிறது அதன் 29-ஆம் பிரிவு. இரண்டையும் ஒரே உட்பிரிவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது சரியான இடம் என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? உலக வரைபடத்தை எடுத்து வைக்கட்டுமா?

வரைபடம் பிறகு வரட்டும். நாலு வயதுக் குழந்தைக்குப் பக்கத்துத் தெருவும் பக்கத்துக் கண்டமும் ஒரே தூரம்தான். குழந்தையின் சொந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள். காலையில் உன்னை யார் எழுப்புவார்கள்? ராத்திரி யார் யார் எங்கே படுப்பார்கள்? அழுகை வந்தால் யாரிடம் ஓடுவாய்? அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவாய்? இந்த நான்கையும் வரைய வையுங்கள். அப்புறம் எந்த நாட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பேசினாலும் இதே நான்கைக் கேட்டால் போதும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே 1920-களில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார். "உனக்கு அண்ணன் தம்பி இருக்கிறார்களா?" "இருக்கிறான்." "சரி, அவனுக்கு அண்ணன் தம்பி இருக்கிறார்களா?" பல குழந்தைகள் "இல்லை" என்றன. தம்பியின் இடத்தில் நின்று தன்னைப் பார்ப்பது அந்த வயதில் அவ்வளவு கடினம். ஏழெட்டு வயதுக்கு மேல்தான் இது மெல்லத் தெளிகிறது.

இதை நான் 'தம்பி கேள்வி' என்று சொல்வேன். கீழே பல பதில்களில் இது திரும்ப வரும். வேறொரு பண்பாட்டின் குடும்பத்தைப் புரிந்துகொள்வதும் இதே வேலைதான்: அங்கே நின்றுகொண்டு இங்கே பார்ப்பது. அதற்கான பயிற்சியை வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடலாம். "தம்பி உன்னை என்னன்னு கூப்பிடுவான்? பாட்டிக்கு அப்பா யாரு? அப்பா சின்னப் பையனா இருந்தப்போ அவரை யார் தூங்க வெச்சாங்க?"

அடுத்தவங்க பழக்கத்தையே சொல்லிட்டிருந்தா நம்ம பழக்கம் மறந்துடாதா?

நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. இன்னொரு வீட்டைப் பற்றிக் கேட்ட குழந்தை வீட்டுக்குப் போய் "நாம ஏன் இப்படிச் செய்றோம்?" என்று தாத்தா பாட்டியைத் துளைக்கிறது. அதுவரை யாரும் கேட்காததால் யாரும் சொல்லாத கதைகள் அப்போதுதான் வெளியே வருகின்றன. உங்களுக்கு அந்தப் பயம் இருந்தால், மேலே சொன்ன நான்கு கேள்விகளில் உங்கள் வீட்டுப் பதில்களுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

குடும்பம்னா யார் யாருன்னு கேக்குது. 'அம்மா, அப்பா, பிள்ளைங்க'ன்னு சொல்லிட்டா போதாதா?

அது ஒரு வகைக் குடும்பம். அதையே இலக்கணமாகச் சொல்லிவிட்டால் பாட்டியிடம் வளரும் குழந்தை அன்றைக்கே வெளியே நின்றுவிடும். நான் சொல்வது இதுதான்: "உன்னைப் பாத்துக்கறவங்களும், நீ பாத்துக்கறவங்களும்." சின்னக் குழந்தையும் யாரையோ பார்த்துக்கொள்கிறது. அதைச் சொல்லும்போது முகம் மலர்வதைப் பாருங்கள்.

சில மக்களின் சொற்களே இதை விரிவாகச் சொல்கின்றன. நியூசிலாந்தின் மாவோரி மொழியில் 'ஃபானௌ' என்றால் தாத்தா பாட்டி, அத்தை மாமா, அவர்களின் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்த பெரிய குடும்பம். அதே சொல்லுக்குப் 'பிறத்தல்' என்ற பொருளும் உண்டு. ஒரு குழந்தையைத் தாத்தா பாட்டியோ வேறு உறவினரோ எடுத்து வளர்ப்பதும் அவர்களிடம் பழைய வழக்கம். பெற்றவர்கள் யார் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரிந்தே இருக்கும்.

போர்னியோ தீவில் வாழும் இபான் மக்களின் நீள்வீட்டைக் குழந்தைகள் மிகவும் ரசிக்கின்றன. ஒரே நீளமான கூரை, அதற்குக் கீழே வரிசையாகப் பல குடும்பங்களின் இருப்பிடங்கள், அத்தனைக்கும் முன்னால் ஒரே நீண்ட பொதுக்கூடம். "அந்த வீட்டுப் பாப்பாகிட்ட 'உங்க வீட்ல எத்தனை பேர்'னு கேட்டா என்ன சொல்லும்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் விவாதம் நடக்கும்.

உறவுப் பெயர்ல என்ன இருக்கு? எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டின்னு சொன்னா முடிஞ்சுது.

நிறைய இருக்கிறது. உறவுப் பெயர் என்பது ஒரு மக்கள் எந்த வேறுபாட்டை முக்கியமாக நினைக்கிறார்கள் என்பதற்கான வரைபடம். தமிழில் அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. இருவர் பெயரிலும் 'அப்பா' இருக்கிறது. அம்மாவின் சகோதரர் மட்டும் மாமா. ஆங்கிலத்தில் இந்த மூவருக்கும் ஒரே சொல். ஸ்வீடன் நாட்டுக் குழந்தையோ அம்மாவின் அம்மாவை 'மூர்மூர்' என்றும் அப்பாவின் அப்பாவை 'ஃபார்ஃபார்' என்றும் அழைக்கும். அம்மா-அம்மா, அப்பா-அப்பா என்பதுதான் நேர்ப்பொருள். பாட்டியைப் பார்த்து "மூர்மூர்" என்று சொல்லிப் பார்ப்பதில் குழந்தைகளுக்கு அடக்க முடியாத சந்தோஷம்.

ஹவாய் தீவுகளின் பழைய உறவுமுறையில் பெற்றோருக்கும் பெற்றோரின் உடன்பிறந்தவர்களுக்கும் 'மகுவா' என்ற ஒரே சொல்தான். அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் உலகெங்கும் திரட்டிய உறவுப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டபோது இந்த வேறுபாடுகள் அறிஞர்களையே அசர வைத்தன. குழந்தையிடம் இவ்வளவு சொல்ல வேண்டாம். "அங்கே உனக்கு எத்தனை அம்மா இருப்பாங்க, எண்ணிப் பார்" என்றால் போதும்.

ஒரு கதையில அப்பாவுக்கு ஒரு பேரு, பிள்ளைக்கு ஒரு பேரு, அம்மாவுக்கு ஒரு பேரு. ஒரே குடும்பம்தானான்னு கேக்கறான். எப்படி விளக்குறது?

பெயர் வைக்கும் முறைகளைக் காட்டியே விளக்கலாம். எனக்குத் தெரிந்து இதைவிட எளிதான நுழைவாயில் இல்லை. பெயர் இல்லாத குழந்தை கிடையாது. ஐஸ்லாந்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' என்று சேர்த்தால் அதுதான் இரண்டாவது பெயர். சில வீடுகளில் அம்மாவின் பெயரைச் சேர்ப்பார்கள். 1980-இல் அந்த நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் பெயரைப் பிரித்தால், ஃபின்போகி என்பவரின் மகள் என்று வரும். அதனால் அண்ணனுக்கும் தங்கைக்கும்கூட இரண்டாவது பெயர் வேறாக இருக்கும்.

பாலித் தீவில் பிறந்த வரிசைப்படி பெயர் வைப்பது வழக்கம். முதல் குழந்தை வாயான், அடுத்தது மாடே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயான். மூத்த பிள்ளைக்கு வேறு சில பெயர்களும் உண்டு. கானா நாட்டின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக்குகிறார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அட்டா அன்னான் 1938 ஏப்ரல் 8 அன்று பிறந்தார். அன்று வெள்ளிக்கிழமை. 'கோஃபி' என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை, 'அட்டா' என்றால் இரட்டையரில் ஒருவர். அவருக்குக் கூடப் பிறந்த சகோதரி இருந்தார். ஒரு பெயருக்குள் எவ்வளவு செய்தி!

வடதுருவத்தை ஒட்டிய பனிப்பகுதிகளில் வாழும் இன்யுயிட் மக்களிடம், இறந்துபோன உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைத்து, அந்த உறவாகவே குழந்தையைக் கூப்பிடும் வழக்கம் உண்டு. பாட்டியின் பெயரைப் பெற்ற மகளைத் தாயே "அம்மா" என்று அழைக்கலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். 'பேரன்' என்ற நம் சொல்லே தாத்தாவின் பெயரைத் தாங்குபவன், 'பெயரன்', என்பதுதானே.

பண்டிகை, டிரஸ், சாப்பாடு இதையெல்லாம் காட்டினா பத்தாதா? பிள்ளைங்களுக்கு அதுதான் பிடிக்கும்.

பிடிக்கும், காட்டலாம். அதோடு நிறுத்திவிட்டால், அந்த மக்கள் வருடம் முழுவதும் பட்டுடுத்தி ஆடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று குழந்தை நினைக்கும். தன் வீட்டை யாராவது ஒரே ஒரு பண்டிகை நாளை வைத்து எடைபோட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

ஒரு குடும்பம், ஒரு சாதாரண நாள். அதைத்தான் நான் தேடுவேன். ஜப்பானியர்கள், அம்மாவும் அப்பாவும் நடுவில் குழந்தையுமாகப் படுப்பதை 'நதி என்ற எழுத்து மாதிரி தூங்குவது' என்பார்கள். அவர்கள் எழுத்தில் 'நதி' என்பது நெட்டுக்குத்தாக மூன்று கோடுகள், நடுக்கோடு கொஞ்சம் குட்டை. அந்த எழுத்தைக் கரும்பலகையில் போட்டு "இதில் பாப்பா எங்கே?" என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். பிறகு அவரவர் வீடு தூங்கும் எழுத்தை வரையச் சொல்வேன். தனி அறையில் படுக்கும் பிள்ளை தாளின் ஓரத்தில் ஒற்றைக் கோடு போடும். ஆறு பேர் படுக்கும் வீட்டுக்குத் தாள் பத்தாது.

அப்படின்னா 'ஜப்பான்காரங்க எல்லாரும் சேர்ந்துதான் தூங்குவாங்க'ன்னு சொல்லலாமா?

இங்கேதான் நல்ல ஆசிரியர்களும் வழுக்கி விழுகிறார்கள். "ஜப்பானில் பல வீடுகளில்" என்று சொல்லுங்கள். "இந்தப் படத்தில் இருக்கும் வீட்டில்" என்று சொன்னால் இன்னும் நல்லது. 'எல்லாரும்', 'எப்பவும்' என்ற இரண்டு சொற்களையும் இந்தப் பாடத்தில் கிட்டே விடாதீர்கள்.

காலத்தையும் கவனியுங்கள். இன்யுயிட் என்றாலே பனிக்கட்டி வீடு என்று படம் போடுகிறார்கள். அது வேட்டைப் பயணங்களிலும் குளிர்காலத்திலும் கட்டப்பட்டது. இன்று அவர்கள் வழக்கமான வீடுகளில்தான் வாழ்கிறார்கள். நேற்றையதை இன்றையதுபோல் சொன்னால், இன்று அங்கே இருக்கும் குழந்தையை அழித்துவிட்டு ஒரு பொம்மையை வைத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. நாம் பண்பாடு என்று நினைப்பதில் பாதி வருமானமாக இருக்கும். கேப்மைண்டர் அமைப்பு 2016-இல் தொடங்கிய டாலர் ஸ்ட்ரீட் என்ற இணையத் தொகுப்பில் பல நாட்டு வீடுகளின் கட்டில், அடுப்பு, பல் துலக்கும் தூரிகை எல்லாவற்றையும் மாத வருமானப்படி வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரே அளவு வருமானம் உள்ள வீடுகள் கண்டம் விட்டுக் கண்டம் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்கலாம். பெரியவர் முதலில் பார்த்து, ஐந்தாறு படங்களைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவது நல்லது.

அப்பா கூடவே இல்லாத சமூகங்கள் இருக்காமே. அதைச் சொன்னா குழந்தை குழம்பிடாதா?

குழம்புவது பெரும்பாலும் நாம்தான். சீனாவில் யுன்னான், சிச்சுவான் மாநிலங்களின் எல்லையிலுள்ள லூகு ஏரிப் பக்கம் மோசுவோ மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் மரபான வழக்கப்படி குழந்தை அம்மா, பாட்டி, அம்மாவின் சகோதர சகோதரிகளோடு ஒரே வீட்டில் வளர்கிறது. அப்பா தன் அம்மா வீட்டில் வாழ்கிறார்; அங்கே தன் சகோதரியின் பிள்ளைகளை வளர்க்கிறார். இன்று அவர்களில் பலர் திருமணம் செய்து தனிக்குடித்தனமும் நடத்துகிறார்கள். குழந்தைக்கு இப்படிச் சொன்னால் போதும்: "அந்த வீட்ல மாமாதான் தூக்கி வெச்சுப்பார். அப்பா அவங்க அம்மா வீட்ல இருப்பார்." பெரியவர்களின் உறவு பற்றிய பகுதி சின்னக் குழந்தைக்குத் தேவையில்லை. வளர்ந்து கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மேகாலயாவின் காசி மக்களிடம் பிள்ளைகள் அம்மாவின் குலத்தைச் சேர்ந்தவர்கள். கடைசி மகள்தான் பூர்விக வீட்டைக் காத்து, பெற்றோரையும் பார்த்துக்கொள்கிறாள். மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடமும் வீடும் நிலமும் பெண்வழியில்தான் போகின்றன. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் அகா மக்களைப் பார்த்தால் வேறு கதை. அங்கே அப்பாக்கள் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் கைக்குழந்தைக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாயோடு வலை போட்டு வேட்டைக்குப் போகும்போதும் குழந்தை கூடவே போகும். இந்த இரண்டு வகையையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள எங்கும் யாரோ இருக்கிறார் என்று அதுவே புரிந்துகொள்ளும்.

படத்தைப் பாத்துட்டு 'சீ', 'ஐயோ பாவம்'னு சொல்றான். திட்டவா, விட்டுடவா?

இரண்டும் வேண்டாம். திட்டினால் அடுத்த முறை வாய்க்குள் சொல்லிக்கொள்வான். "உனக்குப் புதுசா இருக்கு, இல்லையா?" என்று அந்த உணர்ச்சிக்கு வேறொரு பெயர் கொடுங்கள். அப்புறம் தம்பி கேள்விக்குப் போங்கள்.

டென்மார்க் முதலான வடக்கு நாடுகளில் குளிர்காலத்தில்கூடக் கைக்குழந்தையை நன்றாகப் போர்த்தித் தள்ளுவண்டியில் வெளியே தூங்கவைப்பார்கள். "ஐயோ, பாப்பாவை வெளியே விட்டுட்டாங்க!" என்று என் வகுப்பே பதறியது. "அந்தப் பாப்பாவோட அம்மா ஏன் அப்படிச் செய்றாங்கன்னு நினைக்கறீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் "நல்ல காத்து வரட்டும்னு" என்றாள். அங்கத்திய பெற்றோர் சொல்லும் காரணமும் அதுதான்.

வகுப்புல வேற நாட்டுப் பிள்ளை ஒண்ணு இருக்கு. அவளையே நிக்கவெச்சுச் சொல்லச் சொல்லலாமா?

வேண்டாம். ஐந்து வயதில் அவளுக்குத் தன் வீடுதான் தெரியும், தன் நாடு தெரியாது. எல்லோரும் தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லும் நாளில் அவளும் ஒருத்தியாகச் சொல்லட்டும். அவள் பேச விரும்பாவிட்டால் அதையும் மதியுங்கள். பெற்றோரைத் தனியாகச் சந்தித்து, எதைச் சொன்னால் அவர்களுக்கு மகிழ்ச்சி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை.

குடும்ப மரம் வரையச் சொன்னோம். ஒரு பையன் அழுதுட்டான். என்ன தப்பு செஞ்சோம்?

மரத்தில் ஏற்கெனவே கட்டம் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். அப்பா கட்டம் காலியாக இருந்தால் அந்தக் காலியிடம் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பெற்றோரை இழந்தவர்கள், தத்தெடுக்கப்பட்டவர்கள், பிரிந்த பெற்றோருக்கு இடையே இரண்டு வீட்டில் வாழ்பவர்கள் எல்லோருக்கும் அந்தத் தாள் வலிக்கும். கட்டம் இல்லாத வெறுந்தாளில் நடுவில் குழந்தை, சுற்றிலும் அதன் மனிதர்கள் என்று வரையச் சொல்லுங்கள். நான் வருடக்கணக்கில் மரம்தான் வரைய வைத்தேன். ஒரு சிறுமி அம்மா கட்டத்தில் கறுப்பு வண்ணம் பூசித் தந்த நாளோடு நிறுத்தினேன்.

'அவளுக்கு ரெண்டு அம்மாவாம்'னு வந்து சொல்றா. என்ன பதில்?

"ஆமா, சில வீட்ல ரெண்டு அம்மா, சில வீட்ல ரெண்டு அப்பா இருப்பாங்க." 2001-இல் நெதர்லாந்து ஒருபாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியது, அப்புறம் பல நாடுகள் அதைப் பின்பற்றின. உங்கள் சொந்தக் கருத்து எதுவானாலும், அந்தத் தோழி உங்கள் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறாள் என்பதை மறக்காமல் பதில் சொல்லுங்கள்.

எல்லாப் பழக்கமும் சரின்னு சொல்லிட்டா, அடிக்கறது, பொண்ணுன்னா படிக்க விடாம வெக்கறது, இதெல்லாமும் பண்பாடுதான்னு ஆகிடாதா?

கேள்விகளிலேயே கடினமானது இது. மதிப்பது வேறு, எல்லாவற்றையும் சரியென்பது வேறு. எங்கே தூங்குகிறார்கள், என்ன பெயர் வைக்கிறார்கள், யார் தூக்கி வளர்க்கிறார்கள் என்பவை வழிமுறைகள். ஒருவருக்கு வலிக்கிறதா, ஒருவரின் வாய்ப்பு பறிக்கப்படுகிறதா என்பது எந்த வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி, நம் வீட்டிலும்தான்.

குழந்தைகளை அடித்து வளர்ப்பது ஒரு காலத்தில் ஸ்வீடனிலும் சாதாரணம். 1979-இல் உலகிலேயே முதலாவதாக அந்த நாடு, வீட்டுக்குள்ளும் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தச் சட்டம் இருக்கிறது. பழக்கத்தை மாற்றியவர்கள் அந்தந்த நாட்டுப் பெற்றோரும் ஆசிரியர்களும்தான். குழந்தைக்கு இதைச் சுருக்கிச் சொல்லலாம்: "பெரியவங்களும் யோசிச்சு மாத்திக்குவாங்க." கூடவே இதையும் சொல்லிவிடுங்கள்: "யார் வீட்ல யாருக்கு வலிச்சாலும், நம்பற பெரியவங்ககிட்ட வந்து சொல்லணும்."

எனக்கே தெரியாததைக் கேட்டா?

"தெரியலையே, தேடிப் பாக்கலாம்" என்று சொல்லி, உண்மையாகவே தேடுங்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தால், 'எல்லாரும்', 'எப்பவும்' என்று மேலே எச்சரித்த வழுக்கலில் அந்த நிமிடமே கால் வைத்துவிடுவீர்கள்.

இதெல்லாம் மனசுல பதிஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பரீட்சை வெக்க முடியாதே.

நாட்டின் பெயர் நினைவிருக்கிறதா என்று நான் சோதிப்பதில்லை. கேள்வி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனிப்பேன். முதலில் "அவங்க ஏன் அப்படி?" என்றே கேட்பார்கள். சில மாதம் கழித்துக் கேள்வி திரும்பும்.

நீள்வீட்டுப் படத்தை நாலைந்து முறை பார்த்த ஆறு வயதுப் பையன் ஒருவன், ஒருநாள் நான் எதுவும் கேட்காமலே, "அந்த வீட்டுப் பையன் எங்க வீட்டுக்கு வந்தா ஒண்ணு கேப்பான்" என்றான். என்ன கேட்பான் என்றேன். "'மத்தவங்க எல்லாம் எங்கே?'ன்னு கேப்பான்" என்றான். அன்று அவன் வரைந்த படத்தில் அவன் வீட்டை ஒட்டி இரண்டு பக்கமும் அண்டை வீடுகள் இருந்தன, நடுச்சுவர்களை மட்டும் அழித்திருந்தான்.